வாய்வு என்று பெயர் வைத்த வலி

சேரன்மகாதேவியில் ஆற்றுக்கு இறங்குகிற தெருவில் நீலாம்பாள் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் கதவு எண் சொல்வதில்லை. ஓமம் வறுபடுகிற வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் அவள் வீட்டு வாசல் வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அடுக்களையில் அந்த வாசனைதான். ஆனி மாதம். மேற்கே பொதிகை மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. அங்கே பெய்த சாரல் ஊர் வந்து சேரும்போது வெறும் ஈரக்காற்றாகி, ஜன்னல் திரையை மூச்சு விடுவதுபோல் உள்ளேயும் வெளியேயும் அசைத்துக்கொண்டிருந்தது. நீலாம்பாள் வறுத்த ஓமத்தோடு தட்டிய சுக்கையும் கொஞ்சம் பெருஞ்சீரகத்தையும் கொதிநீரில் போட்டாள். ஒரு துண்டு கருப்பட்டியையும் போட்டு மூடினாள். மூடி விளிம்பில் ஆவி கசிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்று, கலைந்தது.

கொல்லை வாசலில் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"நேத்து பலாச்சுளை தின்னேங்க்கா. வயிறு தம்முனு இருக்கு."

"எத்தனை சுளை தின்ன?"

"அதை எண்ணிக்கிட்டா திங்க முடியும்?"

நீலாம்பாள் சிரித்துவிட்டாள். கஷாயத்தை வடிகட்டி ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். "பையக் குடி. மத்தியானம் சோறு வேண்டாம், மோர்க்கஞ்சி போதும்" என்றாள். செல்லக்கிளி ஊதி ஊதிக் குடித்தாள். படி இறங்கும்போதே ஓர் ஏப்பம் வந்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது.

நீலாம்பாளின் கஷாயம் பொய்யான மருந்து இல்லை. மகள் ப்ரீதா பிறந்த பிறகு அவளையே படாதபாடு படுத்திய அஜீரணத்துக்கு, ஒவ்வொன்றாகக் காய்ச்சிக் குடித்துப் பார்த்து அவள் கண்டுகொண்டது அது. கல்யாண வீட்டுச் சாப்பாடு சேராதவர்களுக்குச் சுக்கும் மல்லியும், பஸ்ஸில் குமட்டுகிறவர்களுக்குப் புதினா, பசி எடுக்காத பிள்ளைகளுக்குச் சீரகம் என்று ஆளுக்கு ஏற்ற மாதிரி கொடுப்பாள். குடித்தவர்கள் வயிறு லேசாகிப் போவார்கள்.

ஆனால் அந்தத் தெருவுக்கு ஒரு குணம் இருந்தது. ஒன்று நன்றாக இருக்கிறது என்று கண்டுவிட்டால் எல்லாவற்றுக்கும் அதையே பிடித்துக்கொள்ளும். தோள் வலித்தால் வாய்வு. தலை சுற்றினால் வாய்வு. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் அதுவும் வாய்வு. கஷாயம் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று கேட்பார்கள். டாக்டரிடம் போனால் அதை எடு, இதை எடு என்று சொல்லி இல்லாத நோயைக் கொண்டுவந்துவிடுவார் என்பார்கள். பெண்களுக்கோ ஆஸ்பத்திரி என்பது பிள்ளை பெறப் போகிற இடம், அவ்வளவுதான்.

நீலாம்பாளும் அந்தத் தெருக்காரிதான். கொஞ்ச காலமாகவே ஆற்றுப் படிக்கட்டில் ஏறி வரும்போது அவளுக்கு நெஞ்சு இறுகியது. நடுப்படியில் உட்கார்ந்து, தண்ணீரில் வெயில் நெளிவதை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்துவிட்டு எழுந்து வருவாள். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் ஓமக் கஷாயம் குடிப்பாள். உட்கார்ந்ததால்தான் வலி அடங்கியது என்பது அவளுக்குத் தெரியாது. கஷாயத்தால் அடங்கியது என்று நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கணவர் தாணுமாலையன் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். சாதுவான மனிதர். ஆற்றில் விழும் மருத மர நிழலின் நிறம் பச்சையா, கறுப்பா என்று அரை நாள் யோசித்துக்கொண்டிருப்பார். மனைவியிடம் குரல் உயர்த்தியதில்லை. அதேபோல், "உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டதும் இல்லை. ஊருக்கே கஷாயம் கொடுக்கிறவளுக்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டார்.

அன்று வீரவநல்லூரில் உறவுக்காரர் வீட்டு மறுவீடு, கல்யாணத்துக்கு அடுத்த விருந்து. திருநெல்வேலிச் சீமையில் மறுவீடு என்றால் சொதிச் சாப்பாடுதான். தேங்காய்ப்பாலில் காய்கள் வெந்து மிதக்கும் சொதியும், அது செரிக்க இஞ்சிப் பச்சடியும் இலைக்கு வந்தன. பரிமாறியவர்கள் விடவில்லை. "மதினி, இன்னும் ஒரு கரண்டி" என்று ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். நீலாம்பாளும் சாப்பிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வெளியே நாற்றங்கால்கள் புதுப்பச்சையாக நனைந்துகொண்டிருந்தன. கால்வாய்த் தண்ணீர் பஸ்ஸோடு சேர்ந்தே ஓடி வந்தது. ஒரு கொக்கு எழுந்து, காற்றில் அப்படியே நின்றதுபோல் இருந்தது. அந்த நேரத்தில்தான் அவள் நெஞ்சின் நடுவே யாரோ ஆற்றுக் கல் ஒன்றைப் பைய எடுத்து வைத்த மாதிரி ஒரு கனம் வந்தது. கூர்மையான வலி இல்லை. வெறும் கனம். தாடை வரைக்கும் ஒரு கடுப்பு. பச்சை வயல்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் கலங்கித் தெரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். பகலில் படுக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"என்ன செய்யுது நீலா?" என்று கேட்டார் தாணுமாலையன்.

"ஒண்ணுமில்ல. நெஞ்சு கனமா இருக்கு. சொதி சேரல போல."

"கஷாயம் போட்டுக் குடியேன்."

"எந்திரிக்க முடியல. கொஞ்சம் கழிச்சுப் போடுதேன்."

அவர் சற்று நேரம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நீ படு. நான் போடுதேன்" என்று அடுக்களைக்குள் போனார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்புப் பக்கம் போனதில்லை. எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்க்கிற சத்தம் நீலாம்பாளுக்குக் கேட்டது. ஒரு மூடி விழுந்து உருண்டது. அவர் தும்மினார். மிளகாய்ப்பொடியைத் திறந்திருப்பார். அந்தச் சத்தங்கள் எல்லாம் ஆற்றின் அக்கரையிலிருந்து வருவதுபோல் தூரத்தில் கேட்டன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. நெஞ்சிலிருந்த கல் அப்படியே இருந்தது.

வேட்டி நுனியால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, ஊதிக் கொடுத்தார். ஓமம் கருகியிருந்தது. கருப்பட்டியை அள்ளிப் போட்டிருந்தார். அவள் மடக்கு மடக்காக முழுவதையும் குடித்தாள். ஒரு சின்ன ஏப்பம் வந்தது.

"வலிக்குக் கேக்குதா?" என்றார் அவர். தான் வரைந்த படத்தைப் பரிசுக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறவர் முகம்போல் இருந்தது அவர் முகம். அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல யாருக்கும் மனசு வராது.

"நல்லாக் கேக்குது" என்றாள் நீலாம்பாள். "வலி விட்டுட்டு."

வலி விடவில்லை. இடது தோளில் இறங்கிக் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் ஆசையாகப் போட்டுத் தந்த கஷாயம் வீணாகிப் போயிற்று என்று அவளால் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள் ஆறு வந்தது. வாசல் வழியே நுழைந்து, கூடத்துத் தரையில் சத்தமில்லாமல் பரவி, அவள் பாயைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. குளிர்ந்த தண்ணீர். மருத இலைகள் அவளைச் சுற்றி மெல்லச் சுழன்றன. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. போகலாம் என்றும் இருந்தது. கரையில் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. வாய் வரவில்லை.

தாணுமாலையன் அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தார். மேகத்துக்குள் இருந்து வந்த பிற்பகல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. அந்த முகத்தை இப்படி அமைதியாக அவர் பார்த்ததே இல்லை. எப்போதும் நடந்துகொண்டும் குனிந்துகொண்டும் இருக்கிற முகம். படம் வரைகிற அட்டையை எடுத்து மடியில் வைத்து, பென்சிலால் கோடு இழுக்க ஆரம்பித்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கஷாயம் வேலை செய்கிறது, வேர்த்து இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டு, அந்த வேர்வைத் துளிகளையும் கவனமாக வரைந்தார்.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. "மதினி!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஆசியா உம்மாள் உள்ளே வந்தாள்.

ஆசியா உம்மாள் அடுத்த தெரு. அவள் கணவர் மீரா முகைதீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். போன வருஷம் ரமலான் மாதத்தில் இறந்துபோனார். இப்போது மகள் தஸ்மியாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகன் ரசீத் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, தாயோடு வீடு வீடாகப் போய் அழைத்துக்கொண்டிருந்தான்.

"மதினி படுத்திருக்காங்களா? உடம்புக்கு என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. சொதி சேரல. வாய்வு. கஷாயம் போட்டுக் குடுத்தேன், இப்பத்தான் அசந்து தூங்குதா."

ஆசியா உம்மாள் குனிந்து பார்த்தாள். நீலாம்பாளின் உதடு வெளுத்திருந்தது. ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. வெளியே குளிர்ந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டாள். சில்லிட்டுப் போயிருந்தது. கையிலிருந்த பழத்தட்டு நழுவித் தரையில் விழுந்தது.

"அண்ணாச்சி, இது தூக்கமில்ல. ரசீத்து! காரைத் திருப்பி நிறுத்துலே!"

நீலாம்பாள் கண்ணைத் திறந்தாள். "எதுக்கு ஆசியா சத்தம் போடுத? ஒண்ணுமில்ல. வாய்வுதான்."

"வேர்த்துக் கொட்டுதே மதினி."

"அது கஷாயம் குடிச்ச வேர்வைம்மா" என்றார் தாணுமாலையன். "கொஞ்சம் தூங்கி எந்திரிச்சா சரியாயிரும். நல்லாக் கேக்குதுன்னு அவளே சொன்னா."

ஆசியா உம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்கிறவளாக, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அவுகளும் அப்படித்தான் சொன்னாக அண்ணாச்சி. நோன்பு தொறந்து கஞ்சி குடிச்சாக, வடை தின்னாக. நெஞ்சு கனக்குன்னாக. நாங்க எல்லாரும் வாய்வுன்னோம். தஸ்மியா செம்பைத் தூக்கிட்டு இங்கன ஓடி வந்தா. மதினிதான் கஷாயம் போட்டுக் குடுத்தாங்க. குடிச்சாக. கேக்குதுன்னு சொன்னாக. இப்படியே வேர்த்துச்சு. நான் விசிறிக்கிட்டே உக்காந்திருந்தேன். மவுத்தாப் போற வரைக்கும் விசிறிக்கிட்டேதான் இருந்தேன்."

ஆசியா உம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்புறம் ரசீத்து வந்து ஒரு டாக்டர்ட்டக் கேட்டான். அது வயிறே இல்லன்னாரு. நெஞ்சடைப்புன்னாரு. உடனே தூக்கிட்டு ஓடியிருந்தா பாத்திருக்கலாம்னாரு. உங்க மனசு நோகும்னு நான் இத்தனை நாளும் இதைச் சொல்லல மதினி. விதி முடிஞ்சிட்டுன்னு எல்லாரும் சொன்னாக, நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன். இன்னைக்கு உங்களையும் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது. எங்க வலிக்குன்னு உண்மையைச் சொல்லுங்க."

நீலாம்பாளின் கண்கள் கணவர் பக்கம் திரும்பின. அவர் கையில் பென்சில் அப்படியே இருந்தது.

"கேக்கல" என்றாள் அவள். குரல் மெல்லியதாக வந்தது. "வலி போகவே இல்ல. தாடை வலிக்கு. இந்தக் கையெல்லாம் இழுக்கு. நீங்க ஆசையாப் போட்டுக் குடுத்தீங்கன்னு சொன்னேன்."

தாணுமாலையன் அட்டையைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு யாரும் பேசிக்கொண்டு நிற்கவில்லை. அவளை நடக்க விடாமல், பாயோடு தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்சீட்டில் கிடத்தினார்கள். ஆசியா உம்மாள் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஜாரில் டாக்டர் வீட்டு வாசலில் ரசீத் ஹாரனை அழுத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து, கார்க் கதவைத் திறந்து நாடி பார்த்தார். ஒரு மாத்திரையைக் கொடுத்துச் சவைக்கச் சொன்னார்.

"இது வயித்துக் கோளாறு இல்ல, ஹார்ட். இங்கன நின்னு நேரத்தை வீணாக்காதீங்க. நேரா பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

பத்தமடை கடந்தது. மேலச்செவல் கடந்தது. கண்ணாடியில் சாரல் விழுந்து கோடு கோடாக வழிந்தது. நீலாம்பாளுக்கு மறுபடியும் அந்த ஆறு வந்தது. வாழைத் தோட்டங்களும் தந்திக் கம்பங்களும் ஓட்டு வீடுகளும் அதில் மிதந்து போயின. மீரா முகைதீன் தோளில் ஒரு புதுத்துணிக் கட்டோடு கரையில் நின்று, வழக்கம்போல், "தங்கச்சி, நல்லா இருக்கியளா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். யாரோ கன்னத்தைத் தட்டினார்கள்.

"மதினி, கண்ணைத் தொறங்க. எம் மகள் கல்யாணத்துக்கு வருவீங்களா மாட்டீங்களா? வாயைத் தொறந்து சொல்லுங்க."

"வாரேன்" என்றாள் நீலாம்பாள்.

"எப்ப?"

"எப்பன்னு நீ இன்னும் சொல்லவே இல்லையே."

அழுதுகொண்டிருந்த ஆசியா உம்மாள் அந்த அழுகைக்குள்ளேயே சிரித்தாள். முன்சீட்டில் தாணுமாலையன் திரும்பி உட்கார்ந்து, மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். முன்னீர்ப்பள்ளமும் போனது. ரசீத் வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இருதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. அதைக் கரைக்கிற மருந்தை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அன்று இரவு முழுவதும் தாணுமாலையன் வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஆசியா உம்மாள் தன் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து மகள் ப்ரீதா வந்து சேர்ந்தபோது, அபாயம் விலகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

நீலாம்பாளைப் பார்த்த டாக்டர் ஒரு பெண். கட்டில் ஓரத்தில் நின்று நிதானமாகப் பேசினார்.

"நெஞ்சுவலின்னா சினிமாவுல வர்ற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழணும்னு இல்லம்மா. முக்கியமா பொம்பளைங்களுக்குப் பல நேரம் அஜீரணம் மாதிரியே வரும். மேல்வயிறு கனக்கும், குமட்டும், வேர்க்கும், தாடையோ கையோ வலிக்கும், காரணமில்லாம அசதியா இருக்கும். நடந்தா இறுகி, உக்காந்தா விடும். உங்களுக்கு முன்னாடியே அப்படி இருந்திருக்குமே?"

நீலாம்பாள் ஆற்றுப் படிக்கட்டை நினைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

"யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"கஷாயம் குடிச்சேன்" என்றாள்.

"கஷாயம் நல்லதுதான். எனக்கும் சாப்பாடு சேரலன்னா சுக்கும் மல்லியும்தான். ஆனா அது வயித்துக்குத்தான். வந்திருக்கது வயித்து வலிதானான்னு கஷாயம் பாத்துச் சொல்லாதுல்ல?"

டாக்டர் போன பிறகு தாணுமாலையன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதன் நிழல் வெள்ளைப் போர்வையில் அலை மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேர்வையை ஒவ்வொரு துளியா வரைஞ்சேன் நீலா. உம் முகத்தை அவ்வளவு நேரம் பாத்தேன். நீ செத்துக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியல."

"நான்தான சொல்லல."

"நான்தான கேக்கல. கருகின கஷாயத்தைக் குடுத்துட்டு, கேக்குதான்னு கேட்டேன். எங்கன வலிக்குன்னு கேக்கல." அவர் ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கமாக நகர்த்தினார். "எம் மனசு நோகும்னு இனிமே உன் நோவை மறைக்காத. என்னைய நோகவிடு, பரவாயில்ல."

அவள் கையை நீட்டினாள். ஊசி குத்தியிருந்த கை. அவர் அதைத் தம் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

தஸ்மியாவின் கல்யாணத்துக்கு நீலாம்பாள் போனாள். பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மணப்பெண்ணை அருகில் அழைத்துத் தலையைத் தடவினாள். "அன்னைக்குச் செம்போட வந்தப்போ உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டா. வாப்பாவுக்கு எங்க வலிக்கு, எப்படி இருக்குன்னு கேட்டிருக்கணும். கேக்காமலே குடுத்துட்டேன்" என்றாள். தஸ்மியா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "தெரியாமத்தான மாமி" என்றாள்.

புரட்டாசி பிறந்தது. ஆற்றில் தண்ணீர் தெளிந்து, காலையில் பனி மாதிரி ஒரு வெண்மை அதன்மேல் படுத்திருந்தது. நீலாம்பாள் காலையும் மாலையும் மாத்திரை சாப்பிட்டாள். டாக்டர் சொன்ன அளவுக்கு நடந்தாள். மறுபடியும் கஷாயம் போடவும் ஆரம்பித்தாள். ஆனால் இப்போது பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் முன் கேள்வி கேட்டாள். என்ன சாப்பிட்டீங்க? வலி எங்கே? கைக்கு இறங்குதா? வேர்க்குதா? நடந்தா கூடுதா? எத்தனை நாளா இருக்கு? தெருக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நீலாம்பா டாக்டருக்குப் படிச்சிட்டா" என்று சிரித்தார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், பஜாரில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் கருத்தையா, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒரு ஓமக் கஷாயம் போடு. வாய்வு நெஞ்சுல ஏறி நிக்கி."

"வேர்க்குதா அண்ணாச்சி?"

"லேசா வேர்க்கி."

"கை வலிக்கா?"

"தோள்பட்டையில ஒரு பிடிப்பு. தார் தூக்கினது."

நீலாம்பாள் அடுப்பை அணைத்தாள். "கஷாயம் கிடையாது. முதல்ல டாக்டர்ட்டப் போயிட்டு வாங்க" என்றாள். கருத்தையா கத்தினார். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்றார். தன்னை நோயாளி ஆக்கப் பார்க்கிறார்கள் என்றார். தாணுமாலையன் ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து அதே ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். கருத்தையாவின் சிரிப்பு தெருமுனையிலேயே கேட்டது.

"நெஞ்சுல படம் எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாரு! வெறும் வாய்வு! நான் சொன்னேன்லா? போற வார நேரம் வீண்! இந்தத் தங்கச்சிக்குப் பயம் பிடிச்சிட்டு வே!"

வாசலில் கூடியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீலாம்பாளும் சிரித்தாள். உள்ளே போய்க் கஷாயத்தைக் காய்ச்சி, சூடாக ஒரு டம்ளரில் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பக் குடிங்க அண்ணாச்சி, நல்லாக் கேக்கும். நான் பயந்துதான் போனேன். வீணாப் பயந்தேன்னு நாளைக்கும் நீங்க சிரிக்கணும். அதுக்கு நீங்க இருக்கணும்லா?"

கருத்தையா டம்ளரை வாயருகே கொண்டுபோனார். அப்போது, இவ்வளவு நேரமும் படியோரத்தில் நின்றிருந்த அவர் மனைவி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"மதினி… மாடிப்படி ஏறையில எனக்கும் இங்கன அடைக்கி. ஆடி மாசத்துல இருந்தே இருக்கு. உக்காந்தா விட்டுருது. அதுவும் வாய்வுதானே?"

சிரிப்பு நின்றுவிட்டது. கருத்தையா மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேட்டி?"

"நீங்க கேக்கவே இல்லையே."

நீலாம்பாள் இறங்கி வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த கை.

"நானும் இப்படித்தான் இருந்தேன் மதினி. சொன்னா அவுக மனசு கஷ்டப்படும், வேலை கெடும்னு கஷாயத்தைக் குடிச்சு மூடி வச்சேன். ஆசியா மட்டும் அன்னைக்கு வரலன்னா இன்னைக்கு நான் இல்ல. கஷாயம் வயித்துக்கு மருந்து. சொல்லாத வலிக்கு அது மருந்து இல்ல. நோவு வந்தவுக வாயைத் தொறந்து சொல்லணும், கூட இருக்கவுக கேக்கணும். ஒண்ணுமில்லங்கிறதை மட்டும் நாமளாச் சொல்லிக்கப்படாது. அதை டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டும்."

கருத்தையா குடிக்காத டம்ளரைப் படியில் வைத்தார். வாடகை வாங்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்த ஆட்டோவைப் பார்த்து, அந்தப் பெரிய குரலில் கத்தினார்.

"ஏ டிரைவர்! போகாதீரும்! வண்டியைத் திருப்பும் வே!"